பழைய காரின் பெயின்டைக் காப்பாற்ற முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கார்களின் பெயின்ட் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன: சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதா, இருப்பதையே மீட்டெடுப்பதா? முடிந்த இடத்திலெல்லாம் இருப்பதையே மீட்டெடுங்கள் என்பது என் கட்சி. புது பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், சுரண்டிப் போட்ட பெயின்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் எல்லா வண்டிக்கும் அது நடக்காது, நடக்காத இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அப்பா 1972-ல் வாங்கிய மார்க் 2 அம்பாசிடர், கருநீலம். பல வருஷம் திறந்தவெளியில் நின்றது, இப்போதுதான் ஷெட் போட்டோம். பானட்டில் கை வைத்தால் நீலப் பொடி ஒட்டுகிறது, பளபளப்பு சுத்தமாகப் போய்விட்டது. பட்டறையில் "எல்லாத்தையும் சுரண்டிட்டு புதுசா அடிச்சிடலாம் சார்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
வாசகர், கும்பகோணம்

இப்போதைக்கு பட்டறைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையில் நீலம் ஒட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பழைய வண்டியில் அது நல்ல அறிகுறி. அந்தக் காலத்து பெயின்டில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற தனி அடுக்கு கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில்தான் இருந்தன. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மேல்பரப்பிலுள்ள பிசினை உடைத்துவிடும், பிசின் போனதும் அது பிடித்து வைத்திருந்த நிறத்தூள் பிடிமானம் இல்லாமல் மேலே நிற்கும். உங்கள் கையில் ஒட்டுவது அதுதான். செத்துப் போனது மேலே சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் மட்டும், அடியில் நல்ல நீலம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்றைய கார்களில் கிளியர் கோட் வெடித்துத் தோல் தோலாக உரிய ஆரம்பித்தால் எந்த பாலிஷும் அதைச் சரிசெய்யாது. உங்கள் வண்டிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

முதலில் அது என்ன பெயின்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளை பனியன் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் லேசாகத் தேயுங்கள். துணியில் நீலம் வந்தால் கிளியர் கோட் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். (வெள்ளை வண்டி வைத்திருப்பவர்கள் கறுப்புத் துணியில் தேய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் ஒன்றும் தெரியாது.) அடுத்து டிக்கி மூடியின் உள்பக்கம் நகக்கண் அளவு இடத்தில் பஞ்சில் என்.சி. தின்னர் நனைத்து வையுங்கள். உடனே கரைந்து பஞ்சில் வந்துவிட்டால் அது நைட்ரோசெல்லுலோஸ் (சுருக்கமாக என்.சி.), அதாவது பட்டறையில் டூகோ என்று சொல்லும் பெயின்ட். கரையாமல் சுருங்கி நெளிந்தால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகவில்லையென்றால் ஹார்டனர் கலந்து அடித்த 2கே பி.யூ. பெயின்ட், பிற்காலத்தில் யாரோ அடித்தது. டிக்கிக்கு உள்ளே ஒன்றும் பானட்டின் மேல் வேறொன்றும் இருப்பது சகஜம், அதனால் இரண்டு மூன்று இடத்தில் பார்ப்பது நல்லது. ரப்பர் பீடிங்கின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், நிறம் ரப்பர் மேல் பட்டிருந்தால் இடையில் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள்.

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இப்போது டீட்டெயிலிங் செய்யும் கடைகளில் இருக்கிறது, ஒரு தடவை வண்டியைச் சுற்றி அளந்து தரச் சொல்லுங்கள். இன்றைய கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரும். 300, 400 காட்டினால் மேலே இன்னொரு தடவை அடித்திருக்கிறார்கள், 1,000-ஐத் தாண்டினால் அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி இருக்கிறது. மீட்டர் கிடைக்கவில்லையா, மெல்லிய துணி சுற்றிய சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள், பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. எங்கே மெலிசாக இருக்கிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் இனி செய்யப்போகிற எல்லாமே அந்தக் கனத்திலிருந்து கொஞ்சம் எடுக்கிற வேலை.

வேலையை நிழலில் செய்யுங்கள், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கார் ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டு, உடனே பெயின்டை வெட்டித் தேய்க்கும் காம்பவுண்டைக் கையில் எடுக்காதீர்கள். காய்ந்து கிடக்கிற பழைய பெயின்டை முதலில் எண்ணெயில் ஊறவிட வேண்டும். வெட்டும் தூள் இல்லாத கிளேஸ் என்று ஒரு வகை உண்டு, மெகுயர்ஸ் 7-ம் நம்பர் இதற்கென்றே பழைய வண்டிக்காரர்கள் தேடி வாங்கும் சரக்கு. அதைத் தாராளமாகப் பூசி, சொரசொரப்பான டவல் துணியால் தேய்த்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் துடைத்துப் பார்த்தால் நிறம் ஒரு படி ஆழமாகியிருப்பது தெரியும், தேவைப்பட்டால் இன்னொரு தடவை பூசுங்கள். எனக்கு இந்த வேலையில் பிடித்த கட்டமே இதுதான், ஒரு மைக்ரான்கூட எடுக்காமல் வண்டியின் பழைய முகம் வெளியே வரும்.

அதற்கப்புறம்தான் பாலிஷ். இருப்பதிலேயே மென்மையான பாலிஷில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் அடுத்த ரகத்துக்குப் போங்கள். கையால் செய்தாலே நிறைய வரும். மெஷின் என்றால் சுற்றிக்கொண்டே அசைந்தும் ஆடும் டூயல் ஆக்‌ஷன் போதும், வேகமாகச் சுற்றும் ரோட்டரி பஃபிங் மெஷினை என்.சி. பெயின்டில் பழக்கமில்லாத கையில் கொடுத்தால் சூட்டிலேயே பெயின்ட் இழுத்துக்கொள்ளும். ஓரங்களிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ட் எப்போதும் மெலிசு, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள், கடைசியில் டேப்பை எடுத்து அந்த இடத்தைக் கையால் ஒரு இழுப்பு. பேடில் நீலம் ஏறிக்கொண்டே இருக்கும், பயப்பட வேண்டாம், அடிக்கடி கழுவுங்கள். நீலத்துக்கு நடுவே சாம்பலோ செங்காவியோ எட்டிப் பார்த்தால் அடிப்பூச்சான பிரைமர் வந்துவிட்டது, அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னதாக ஒரு பிரைமர் தெரிகிற இடத்தோடு வண்டி ஓடலாம், அதில் ஒன்றும் குறைவில்லை. முடிவில் கார்னோபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுப்பது, 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், நம் ஊர் வெயிலில் நிற்கும் தகட்டுக்குத் தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூசினால் போதும்.

கேள்வி: என்னிடம் பிரீமியர் பத்மினி இருக்கிறது, வெள்ளை, பாலிஷ் செய்து நன்றாக வந்திருக்கிறது. செராமிக் கோட்டிங் போட்டால் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள். பி.பி.எஃப். படலம் ஒட்டலாம் என்று இன்னொரு கடையில் சொல்கிறார்கள். எது நல்லது?
வாசகர், கோயம்புத்தூர்

பழைய பெயின்ட் என்றால் இரண்டும் வேண்டாம்.

பி.பி.எஃப். என்பது பாலியூரிதேன் படலம், பசையோடு வரும். புது காரில் அதைக் கழற்றும்போது கம்பெனி பெயின்ட் தாங்கும். வயதான பெயின்ட், அதிலும் அடியில் பட்டி வைத்து பட்டறையில் அடித்தது, தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஒட்டும்போது அழகாக இருக்கும், சில வருஷம் கழித்து எடுக்கும் நாளில் பெயின்டும் கூடவே வந்தால் என்ன செய்வீர்கள்? செராமிக் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் அது கிளியர் கோட் இருக்கும் வண்டிகளை மனதில் வைத்துச் செய்த பொருள். பழைய ஒற்றை அடுக்கு பெயின்டுக்கு அவ்வப்போது எண்ணெய்ப்பசை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், மேலே கண்ணாடி மாதிரி மூடிவிட்டால் அந்த வழி அடைபடும். மறுபடி கிளேஸ் போட வேண்டும் என்றால் கோட்டிங்கையே தேய்த்து எடுக்க வேண்டும், அதோடு கொஞ்சம் பெயின்டும் போகும். 9எச் கடினம் என்று போர்டு வைத்திருப்பார்கள், அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. சாவியால் கீறினால் விழாது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

உங்கள் பத்மினியை முழுக்கச் சுரண்டி 2கே பெயின்டும் கிளியரும் அடித்திருந்தால் கதை வேறு, அப்போது செராமிக் தாராளமாகப் போடலாம், பெயின்ட் நன்றாக இறுகிய பிறகு. வெள்ளையில் எது எதென்று கண்ணால் தெரியாது, முதல் பதிலில் சொன்ன தின்னர் சோதனையைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் கதவின் கீழ் ஓரத்திலும் முன்பக்க மட்கார்டிலும் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்புகிறது. அந்த இடத்தை மட்டும் தேய்த்து டச்சப் செய்தேன், மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி வந்துவிட்டது.
வாசகர், சென்னை

கண்டிப்பாக மறுபடியும் வரும். வெளியே தெரியும் கொப்பளம் துருவின் கடைசிக் கட்டம். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகும், கீழே வடிகிற ஓட்டைகள் மண்ணும் சருகும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், உப்புக் காற்றோடு சேர்ந்து அந்தத் தண்ணீர் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் பெயின்டை வெளியே தள்ளுகிறது. வெளிப்பக்கம் எத்தனை தடவை டச்சப் செய்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

கதவின் உள் பேடைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள், இந்த ஒரு வேலையை இந்த வாரமே செய்யுங்கள், காசு செலவில்லை. தகடு இன்னும் உறுதியாக இருந்தால் உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, அது காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், எல்லாம் முடிந்தபின் உள்ளே இடுக்குகளில் துரு பிடிக்காமல் காக்கும் கேவிட்டி மெழுகு அடியுங்கள். ஸ்குரூடிரைவரால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் தகடு இற்றிருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்வது தவிர வேறு வழியில்லை. துருவின் மேலேயே பட்டி அப்பிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அடிப்பாகத்துக்கு அடிக்கும் கறுப்பு தார் கோட்டிங்கும் அப்படித்தான், சுத்தமான தகட்டில் நல்ல காவல், துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

உங்கள் வண்டிக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான இந்தக் காருக்குத் தனி சேசிஸ் உண்டு, மேலே இருக்கும் பாடி பகுதி பகுதியாக போல்ட் போட்டு இணைத்தது, முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமாக முன்னால் சாய்ந்து திறக்கும். அம்பாசிடரில் கை போகாத இடமெல்லாம் இதில் போகும். அதே இணைப்புகள்தான் தண்ணீர் தேங்கும் இடமும், அதனால் போல்டைக் கழற்றிப் பிரித்து, இரண்டு விளிம்பையும் தனித்தனியாக பிரைமர் அடித்து, நடுவில் சீலன்ட் வைத்து மாட்டச் சொல்லுங்கள். கடற்காற்று இருக்கும் வீட்டில் வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவிவிடுவது எந்தக் கோட்டிங்கையும்விட அதிகம் உதவும்.

கேள்வி: பழைய அம்பாசிடரைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து வந்தால் பூ மாலை கீறல், மஞ்சள் கறை, டேப் ஒட்டிய இடத்தில் பெயின்ட் உரிந்து வருகிறது. வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.
வாசகர், மதுரை

சொல்லத் தேவையில்லை, இடத்தை மாற்றிக் கொடுங்கள். சந்தனப் பொட்டும் குங்குமமும் குரோம் பம்பரிலோ கண்ணாடியிலோ வைக்கச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மாலையைக் கம்பியில் கோக்காமல் பருத்தி நூலில் கட்டி, பானட்டுக்கும் மாலைக்கும் நடுவே சுத்தமான மெல்லிய பருத்தி வேட்டியை விரித்துவிட்டால் கீறல் பெரும்பாலும் நின்றுவிடும். கம்பி கட்டாயம் என்றால் கிரில்லிலும் பம்பரிலும் மட்டும்.

டேப்தான் பெரிய எதிரி. பெயின்டின் மேல் எந்த டேப்பும் ஒட்டக் கூடாது என்று அட்வான்ஸ் வாங்கும்போதே பேசிவிடுங்கள், ரிப்பனை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக் கட்டிக்கொள்ளலாம். மீறி ஒட்டிவிட்டார்கள் என்றால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். முடி உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, டேப்பைத் தன் மேலேயே மடித்து மெதுவாகப் படுக்கை வாட்டத்தில் இழுங்கள். மிச்சமிருக்கும் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும், அப்புறம் ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள். தின்னரை மட்டும் தொடாதீர்கள்.

மஞ்சள், சந்தனம், ஆரத்தித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எல்லாம் அன்று ராத்திரியே போக வேண்டும். மறுநாள் வெயில் ஏறும்வரை விட்டால் உள்ளே இறங்கிவிடும், ஆரத்தியில் சுண்ணாம்பு வேறு இருக்கிறது. கழுவியபிறகும் மஞ்சள் நிழல் தெரிந்தால் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் தானாகவே வெளுக்கும். சீசனுக்கு முன்னால் மெழுகு பூசி வைத்திருந்தால் இதில் பாதிப் பிரச்சினை வராது. ஆயுத பூஜைக்கும் இதே பதில்தான்.

கேள்வி: எங்கட அப்பப்பாவின்ர 1953 ஒஸ்ரின் ஏ40 சமர்செட் இன்னும் ஓடுது. சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடின கார். கையில கிடைச்ச எனாமல் பெயின்டைத் தூரிகையால அடிச்சு அடிச்சு இப்ப எத்தனை பூச்சு எண்டே தெரியாது. இதை முதல் இருந்த நிறத்துக்குக் கொண்டுவரலாமோ?
வாசகர், யாழ்ப்பாணம்

கொண்டுவரலாம், ஆனால் கொண்டுவர வேண்டுமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தடவை பேசுங்கள். அந்தத் தூரிகைப் பூச்சுகள் அந்தக் காரின் வரலாற்றில் ஒரு பகுதி. யாழ்ப்பாணத்துப் பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் தட்டுப்பாட்டுக் காலத்தில் மக்களைச் சுமந்தவை, அந்தக் காலத்துப் பூச்சு இன்னும் ஒரு காரில் இருக்கிறது என்றால் அதைச் சுரண்டுவதற்கு முன் நான் நிறைய யோசிப்பேன்.

எப்படியிருந்தாலும் முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கதவின் உள் விளிம்பு மாதிரி ஒரு மறைவான இடத்தில் உள்ளங்கை அளவுக்கு 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வட்டமாகத் தேய்த்து, நடுவில் ஆழமாகவும் ஓரத்துக்கு வர வர மேலோட்டமாகவும் கொண்டுவாருங்கள், முடிவில் 800. வெட்டிய மரத்தில் வளையம் தெரிவதுபோல் ஒவ்வொரு பூச்சும் ஒரு வட்டமாகத் தெரியும், நடுவில் தெரிவது முதல் நிறமும் பிரைமரும். அதைப் படம் எடுத்து வையுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், குறிப்பாக மஞ்சள், சிவப்பு நிறங்களிலும் செந்தூர பிரைமரிலும். அதனால் எப்போதும் ஈரமாகவே தேயுங்கள், முகமூடி போடுங்கள், அந்தச் சேற்றைத் துணியால் அள்ளித் தனியாக அப்புறப்படுத்துங்கள், பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் கழுவிவிடாதீர்கள்.

பூச்சுகள் இறுக்கமாகப் பிடித்திருந்து, வெடிப்போ கொப்பளமோ இல்லையென்றால் அவற்றையே அழகாக்கலாம். பல வருஷம் இறுகிய எனாமல் நல்ல கடினம், தூரிகைக் கோடுகளின் மேட்டை 1000, அப்புறம் 1500, 2000 என்று சோப்புத் தண்ணீரில் மெல்ல மட்டமாக்கி, பாலிஷ் செய்தால் இப்போதைய ஸ்பிரேயில் வராத ஒரு கனமான மினுக்கம் வரும். பள்ளமான கோடுகள் சிலது மிஞ்சும், மிஞ்சட்டும்.

அடுக்குகள் நடுவில் வெடித்திருந்தால் மேலே என்ன அடித்தாலும் அந்த வெடிப்பு மேலே வரும், அப்போது தகடு வரை எடுத்துத்தான் ஆக வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை: எனாமலின் மேல் நேராக என்.சி. பெயின்ட் அடிக்கவே கூடாது, அதன் தின்னர் கடுமையானது, அடியிலிருக்கும் எனாமல் சுருண்டு எழும்பிவிடும். முழுக்க எடுத்தாலும் டாஷ்போர்டுக்கு அடியிலோ டிக்கிக்கு உள்ளேயோ ஒரு சின்னப் பகுதியை அந்தப் பூச்சுகளோடு அப்படியே விட்டுவையுங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது காட்டலாம்.

கேள்வி: எங்கள் டிரைவர் வண்டியைக் கழுவியபிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறார், பளிச்சென்று இருக்கிறது. தொடரலாமா?
வாசகர், சேலம்

வேண்டாம். அந்தப் பளிச்சு எண்ணெய்ப் படலம், ஒரு நாள்தான் இருக்கும், அதில் தூசி ஒட்டும், ஒட்டிய தூசியை மறுநாள் துணியால் இழுக்கும்போது கீறல் விழும். ரப்பர் பீடிங்கும் ஊதிக் கெடும். அதோடு, காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் தூசி தட்டும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும் வட்டக் கீறல்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓடவிட்டு, ஒரு பக்கெட்டில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே. துணி தரையில் விழுந்தால் அதை மறுபடி வண்டியில் வைக்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் காயவிடாமல் உடனே மைக்ரோ ஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்து வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டால் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தொட்டுத் துடைத்து, உடனே கழுவிவிடுங்கள்.

கேள்வி: என் பத்மினியில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை, மூன்று தடவை அடித்து மூன்றும் உரிகிறது. முழு பெயின்ட் என்று முடிவெடுத்தாயிற்று. ஐப்பசியில் முடித்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். டூகோவா, 2கே-வா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
வாசகர், திருச்சி

சரி, இந்த வண்டிக்கு முழு பெயின்ட்தான் வழி. ஆனால் ஐப்பசி வேண்டாம். அடைமழைக் காலத்தில் காற்றில் ஈரம் அதிகம். என்.சி. பெயின்டில் தின்னர் வேகமாக ஆவியாகும், அந்த வேகத்தில் பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதன் மேல் படியும், பெயின்ட் பால் கலந்தாற்போல் வெளுத்துப் போகும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஊற்றிச் சமாளிப்பார்கள், அதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரைமரும் பட்டியும் ஈரம் குடித்தால் பின்னால் கொப்பளம். மூடிய ஸ்பிரே பூத்தும் ஓவனும் இருக்கும் பட்டறை என்றால் எந்த மாதமும் செய்யலாம், இல்லையென்றால் தை பிறக்கட்டும்.

டூகோ அடித்தால் அந்தக் காலத்து மென்மையான மினுக்கம் கிடைக்கும், டச்சப் சுலபம், புது அடுக்கு பழைய அடுக்கைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும். ஆனால் வெயில் தாங்குவது குறைவு, வருஷா வருஷம் கவனிக்க வேண்டும். நிழலில் நிற்கும், விழாவுக்கு மட்டும் எடுக்கும் வண்டி என்றால் நான் டூகோ என்பேன். தினமும் ஓட்டுகிறீர்கள், தெருவில் நிறுத்துகிறீர்கள் என்றால் 2கே. அதிலும் கிளியர் இல்லாத ஒற்றை அடுக்கு 2கே கேட்டு வாங்குங்கள், மேலே தனியாக கிளியர் அடித்தால் பழைய பத்மினியில் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு ஒட்டாமல் நிற்கும்.

ஒரு விஷயம், 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிக்கும் ஆளின் நுரையீரலை அது கெடுக்கும், ஆஸ்துமா வந்துவிட்டால் அப்புறம் அந்த வேலையையே அவர் விட வேண்டியதுதான், வாசனையை வைத்தும் உஷாராக முடியாது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம், வெளிக்காற்று குழாய் வழியாக வரும் மாஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாத பட்டறையில் 2கே வேலையைக் கொடுக்காதீர்கள். உங்கள் வண்டிக்காக இன்னொருவர் மூச்சு கெட வேண்டாம்.

நிறத்தைப் பானட்டிலிருந்து மேட்ச் செய்ய விடாதீர்கள், அது வெளுத்த நிறம். கதவு பேடுக்குப் பின்னாலோ டாஷ்போர்டுக்கு அடியிலோ வெயில் படாத இடத்தில் முதல் நிறம் இருக்கும், அதைக் காட்டுங்கள், ஒரு தகட்டுத் துண்டில் அடித்துக் காயவைத்து வெளிச்சத்தில் பார்த்தபிறகு சம்மதம் சொல்லுங்கள். கண்ணாடி, பீடிங், லைட், கைப்பிடி, எம்ப்ளம் எல்லாம் கழற்றிவிட்டு அடிப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், டேப் ஒட்டி அடித்த விளிம்பிலிருந்துதான் முதலில் உரிய ஆரம்பிக்கும். பழைய சிலிக்கான் பாலிஷ் தகட்டில் துளி மிச்சமிருந்தாலும் புது பெயின்ட் அங்கே நிற்காமல் விலகி வட்டக் குழி விழும், அதனால் தேய்ப்பதற்கு முன்பே கிரீஸ் எடுக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும், தேய்த்தபிறகு மறுபடியும். முடித்த பெயின்ட் காற்றில் உலர்ந்தது என்றால் இரண்டு மாதம் மெழுகு பூசாதீர்கள், உள்ளே மாட்டியிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும்.

கேள்வி: ஷெட் இல்லை. மழை தாங்கும் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்தால் போதுமா?
வாசகர், புதுச்சேரி

தார்ப்பாயும் பிளாஸ்டிக்கும் வெளி மழையைத் தடுத்துவிட்டு உள்ளே எழும் ஆவியைப் பூட்டி வைக்கும். வெயில் வந்ததும் அது பெயின்டுக்கு அடியில் புகுந்து ஊசிமுனைக் கொப்பளங்களாகும். காற்று போகும் கவர் வாங்குங்கள், உள்பக்கம் மென்மையாக இருக்க வேண்டும். அதையும் அழுக்கு வண்டியின் மேல் போடாதீர்கள், காற்றில் கவர் ஆடும்போது நடுவில் இருக்கும் மண் வாட்டர் பேப்பர் வேலை செய்யும். முடிந்தால் நாலு கம்பம் நட்டு மேலே ஒரு கூரை மட்டும் போடுங்கள், கவரே தேவைப்படாது. வேப்பமரத்து நிழல் வேண்டாம், பிசுபிசுப்பும் பறவை எச்சமும் சேர்ந்து விழும். எச்சத்தைக் கண்டவுடன் ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். அதில் அமிலம் இருக்கிறது, மதிய வெயிலில் பெயின்ட் இளகியிருக்கும்போது தழும்பு விழுந்துவிடும்.

கேள்வி: 1965 ஃபியட் 1100, வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். மறுபடி பெயின்ட் அடித்தால் தகுதி போய்விடுமா?
வாசகர், ஈரோடு

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் இதற்குத் தகுதி. முதலில் இருந்த வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே நிறத்தில் மறுபடி அடிப்பது இந்த மாற்றத்தில் வராது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே நம்பர் இருக்கும் வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டமோ வாடகையோ கூடாது, அதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நிறத்தையே மாற்றுகிறீர்கள் என்றால் வின்டேஜோ இல்லையோ ஆர்.சி.யிலும் அது மாற வேண்டும், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எது செய்வதாக இருந்தாலும் முதல் வாட்டர் பேப்பர் வைப்பதற்கு முன் வண்டியை நாலு பக்கமும், கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம், எம்ப்ளம் உட்பட நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்.